பேனலில் தெரியும் இரண்டு எண்கள்: வோல்ட், ஆம்பியரிலிருந்து தடையும் திறனும்

தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பேனலைப் பார்த்தால் இரண்டு எண்கள் தெரியும்: வோல்ட், ஆம்பியர். பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கம் 800 அடி, 1000 அடி என்று போர் போட்டு மோட்டார் இறக்கியிருப்பவர்கள் தினமும் இவற்றைப் பார்க்கிறார்கள். வோல்ட் இறங்கினால் மோட்டாரை நிறுத்துவது, ஆம்பியர் ஏறினால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்ற அளவில்தான் பெரும்பாலும் இவை பயன்படுகின்றன. இதே எண்களை வகுத்தும் பெருக்கியும் பார்த்தால் கேபிள் போதுமா, ஜாயிண்ட் கெட்டிருக்கிறதா, வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) எவ்வளவு சூடாகிறது, வாங்கிய கேபிள் காயிலில் சொன்ன அளவு செம்பு இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். கணக்கு எளிது. எந்த வோல்ட்டை எந்த ஆம்பியரோடு சேர்ப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

அடிப்படை இரண்டே வரி:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

முதல் வரி ஜெர்மனியின் கியோர்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்டது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் இரண்டு வாய்பாடுகள் வரும். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினாலும் வாட்தான். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தாலும் வாட்தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841இல் அளந்து காட்டினார். கேபிள் விஷயத்தில் நமக்கு அதிகம் உதவுவது ஜூலின் இந்தக் கணக்குதான்.

இந்த வாய்பாடுகளில் வரும் வோல்ட் என்பது, நாம் கணக்குப் போடும் அந்த ஒரு பொருளின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். லைனில் உள்ள வோல்ட் அல்ல. ஒரு போர் கேபிளின் ஒரு கோரில் (உள்ளே தனித்தனியாக ஓடும் மூன்று கம்பிகளில் ஒன்றில்) 2 ஓம் தடை இருக்கிறது, லைன் 415 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 415 × 415 ÷ 2 என்று போட்டால் 86,000 வாட் வரும். அவ்வளவு வெப்பம் உண்மையிலேயே பிறந்தால் கேபிள் சில நொடிகளில் உருகிப் போகும். அந்தக் கோரில் ஓடுவது 8.5 ஆம்பியர் என்றால், அதன் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையே இருப்பது 8.5 × 2 = 17 வோல்ட் மட்டுமே. 17 × 17 ÷ 2 என்றாலும் 8.5 × 8.5 × 2 என்றாலும் 144.5 வாட்தான். மற்ற 398 வோல்ட் மோட்டாருக்குப் போகிறது என்று நேராகக் கழிக்கவும் முடியாது. மூன்று ஃபேஸ் கணக்கு வேறு, அதற்குப் பிறகு வருவோம். ஒரே பொருளின் வோல்ட், ஒரே பொருளின் ஆம்பியர், ஒரே நேரத்தில் எடுத்த ரீடிங். இதை விட்டால் எந்தக் கணக்கும் தப்பும்.

ஹீட்டரும் பல்பும்

வாட்டர் ஹீட்டரில் கணக்கு நேராக வரும். 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதிய ஹீட்டர் 8.7 ஆம்பியர் எடுக்கும். தடை 230 ÷ 8.7, அதாவது சுமார் 26.5 ஓம். ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் பெரிதாக மாறாது என்பதால், பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தாலும் கிட்டத்தட்ட இதே 26 ஓம் காட்டும். 50 காட்டினால் இரண்டு எலிமெண்ட் உள்ள ஹீட்டரில் ஒன்று போய்விட்டது; எதுவுமே காட்டாவிட்டால் எலிமெண்டோ தெர்மோஸ்டாட்டோ அறுந்திருக்கிறது.

வோல்டேஜ் 190க்கு இறங்கினால் தடை மாறாது, திறன்தான் மாறும்: 190 × 190 ÷ 26.45 = 1365 வாட். வோல்டேஜ் குறைந்தது 17 சதவீதம், வெப்பம் குறைந்தது 32 சதவீதம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 18 நிமிடம் ஆன இடத்தில் 27 நிமிடம் ஆகும். ஹீட்டர் பழசாகிவிட்டது என்று மாற்றுவதற்கு முன் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

குண்டு பல்பில் தடை அப்படி நிலையாக இருக்காது. 100 வாட் பல்பு எரியும்போது தடை 529 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம் போலத்தான் காட்டும். டங்ஸ்டன் இழை வெள்ளையாய்ப் பழுக்கும்போது தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில் குஞ்சு விட்டதும் புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பில்) கட்டும் பல்புகளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். 230இல் 100 வாட் தரும் பல்பு 200 வோல்ட்டில் சுமார் 80 வாட்தான் தரும். தடை நிலையாக இருந்திருந்தால் 76 ஆகியிருக்கும். இழை கொஞ்சம் ஆறித் தடை குறைவதால் இழப்பும் கொஞ்சம் குறைகிறது. பத்து பல்பு கட்டிய இடத்தில் 200 வாட் வெப்பம் குறைந்தால், மார்கழிக் குளிரில் குஞ்சுகள் பல்புக்கு நேர் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக அடையும். பல்பை இறக்கிக் கட்டுவதற்கு முன் கடைசி பல்பின் ஹோல்டரில் வோல்டேஜைப் பார்த்துவிட வேண்டும். தொடக்கத்தில் 225, கடைசியில் 200 என்றால் தவறு சப்ளையில் இல்லை, பல்பு வரிசைக்கு இழுத்த சன்ன வயரில்தான்.

மோட்டார் ஏன் எதிர்த்திசையில் போகிறது

ஹீட்டரில் வோல்ட் இறங்கினால் ஆம்பியரும் இறங்கும். தண்ணீர் இறைக்கிற மோட்டாரில் வோல்ட் இறங்கினால் ஆம்பியர் ஏறும். ஓம் விதி பொய்த்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. மோட்டாரின் தண்டில் உட்கார்ந்திருக்கும் பம்பு கேட்கும் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியரைக் கூட்டி எடுத்துத்தான் மோட்டார் அந்த வேலையைச் செய்ய முடியும். 415 வோல்ட்டில் 8.5 ஆம்பியர் எடுத்த மோட்டார் 375 வோல்ட்டில் சுமார் 9.4 ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் ஏறியது பத்து சதவீதம்தான். வைண்டிங்கில் பிறக்கும் வெப்பமோ ஆம்பியரின் இருமடியில் ஏறுவதால் 22 சதவீதம் கூடிவிடும். இந்த நேரத்தில் ஸ்டார்ட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறதென்று ஓவர்லோட் ரிலேயை (ஆம்பியர் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியை) ஒரு ஆம்பியர் தள்ளி வைப்பது, மோட்டாரை எரிப்பதற்கு மிகக் குறுகிய வழி.

ஓடும் மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது வைண்டிங்கின் தடை அல்ல. 5 எச்.பி. மோட்டாரில் ஒரு ஃபேஸுக்கு 240 வோல்ட் (லைன் 415ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732ஆல் வகுத்தது), 8.5 ஆம்பியர். வகுத்தால் 28 ஓம். அதே வைண்டிங்கை நிறுத்திவைத்து டி.சி.யில் அளந்தால் ஒரு ஃபேஸுக்கு 2 ஓம் போலத்தான் இருக்கும். மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டார், வைண்டிங்கில் ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. இரும்பைக் காந்தமாக்கவும் ஒரு பங்கு மின்னோட்டம் போகிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த 28. ரோட்டார் நின்றிருக்கும் தொடக்க நொடியில் எதிர் வோல்டேஜ் இல்லாததால் ஆம்பியர் ஆறு மடங்கு வரை பாய்கிறது.

திறனிலும் அப்படியே. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு 1.732 × 415 × 8.5 என்று பெருக்கினால் 6110 வரும். இது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட்டாகும் பங்கு) 0.82 என்றால் உண்மையில் உள்ளே போகும் திறன் 5010 வாட். பெயர்த்தகட்டில் உள்ள 5 எச்.பி. என்பது தண்டில் வெளியே வரும் திறன், எச்.பி.க்கு 746 வாட் வீதம் 3730 வாட். 3730ஐ 5010ஆல் வகுத்தால் மோட்டாரின் செயல்திறன் 74 சதவீதம். மீதி 1280 வாட் வெப்பமாகிறது. 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 3.7 யூனிட் இழுக்கும் என்று பலர் சொல்வது இந்த உள்ளே, வெளியே வேறுபாட்டை விட்டுவிட்டுச் சொல்வது. மணிக்கு 5 யூனிட் என்பதே நடைமுறைக்குச் சரியான கணக்கு.

யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டணக் குறைப்பு கேட்டுக் கோவை மாவட்ட உழவர்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் தெருவுக்கு வந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது. ஒரு பைசா என்பது எவ்வளவு என்று இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். 5 எச்.பி. மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் 50 யூனிட். நாளுக்கு 50 பைசா, மாதத்துக்கு 15 ரூபாய். அன்றைய குடியானவனுக்கு அது சிறு தொகை அல்ல.

இன்று விவசாய இணைப்புக்குக் கட்டணம் கிடையாது. அதனால் கேபிளில் எத்தனை வாட் வீணாகிறது என்று கணக்குப் போடுபவர் குறைவு. பில்லில் வராத அந்த வாட், மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜில் குறைவாக வந்து நிற்கும்.

கேபிளில் தொலையும் வோல்ட்

போர் மோட்டாருக்குப் போடும் செம்பு ஃபிளாட் கேபிளில் ஒரு கிலோமீட்டருக்கு, 20 டிகிரியில், ஒரு கோருக்கு இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அதிகபட்சத் தடை இது: 1.5 சதுர மி.மீ. கேபிளுக்கு 13.3 ஓம், 2.5க்கு 7.98, 4க்கு 4.95, 6க்கு 3.30. கடையில் '2.5 ஸ்கொயர்', '4 ஸ்கொயர்' என்று கேட்பது இந்த அளவுகளைத்தான்.

820 அடியில், அதாவது 250 மீட்டரில், 5 எச்.பி. மோட்டார் இறக்குகிறோம். 2.5 ஸ்கொயர் கேபிளில் ஒரு கோரின் தடை 7.98 × 0.25 = 2 ஓம். ஒரு கோரில் 144.5 வாட், மூன்று கோரிலும் 433 வாட். மோட்டார் இழுக்கும் ஐந்து கிலோவாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு கேபிளைச் சூடாக்கியே போகிறது. லைன் வோல்டேஜில் எவ்வளவு குறையும் என்பதற்கு மூன்று ஃபேஸில் 1.732 × ஆம்பியர் × ஒரு கோரின் தடை × பவர் ஃபேக்டர் என்று போட்டால் போதும்: 1.732 × 8.5 × 2 × 0.82, அதாவது 24 வோல்ட். 4 ஸ்கொயர் போட்டிருந்தால் 15 வோல்ட், 268 வாட். 6 ஸ்கொயரில் 10 வோல்ட், 179 வாட்.

இது ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள நிலை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஆறு மடங்கு ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கு முன்னால் இந்த 2 ஓம் நிற்கிறது. மோட்டார் முனையில் வோல்டேஜ் நான்கில் மூன்று பங்காகிவிட்டால், சுழற்றும் விசை வோல்டேஜின் இருமடியில் குறையும், 0.75 × 0.75, அதாவது 56 சதவீத விசைதான் மிஞ்சும். உறுமிக்கொண்டே சுழலாமல் நின்று டிரிப் ஆகும் போர் மோட்டார்களில் பலவற்றுக்கு பேரிங்கும் மணலும் காரணமல்ல, சன்ன கேபிள்தான் காரணம்.

போருக்குள் இறங்கும் கேபிளை மட்டும் பார்த்தால் போதாது. தோட்டத்து மூலையில் உள்ள மீட்டர் பெட்டியிலிருந்து போர் வரை 250 மீட்டர் 4 ஸ்கொயர் அலுமினியக் கேபிள் போயிருந்தால், கிலோமீட்டருக்கு 7.41 ஓம் வீதம் 1.85 ஓம். 8.5 ஆம்பியரில் அங்கே 22 வோல்ட் போய்விடும். தொலைவது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, மோட்டார் நின்றிருக்கும்போது ஒரு முறையும் ஓடும்போது ஒரு முறையும் இரண்டு இடத்தில் வோல்டேஜ் எடுக்க வேண்டும். நின்றிருக்கும்போது எங்கும் 425. ஓடும்போது மீட்டரில் 421, ஸ்டார்ட்டரில் 399 என்று வந்தால், ஈபி லைனில் போனது 4 வோல்ட், நம் தோட்டத்து அலுமினியத்தில் போனது 22. போருக்குள் போகும் 24ஐ அளக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். ஆக மோட்டாருக்குச் சேர்வது 375 போல. வோல்டேஜ் குறைந்ததும் ஆம்பியர் ஏறுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் இல்லை என்று மனு எழுதுவதற்கு முன் இந்த அளவை எடுத்து வைத்துக்கொண்டால் யார் சரிசெய்ய வேண்டியது என்பதும் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் எங்கள் பரிந்துரை, முதலில் மேலே உள்ள அலுமினியக் கேபிளை மாற்றுவது. 10 ஸ்கொயர் அலுமினியம் போட்டால் கிலோமீட்டருக்கு 3.08 ஓம்தான்; 22 வோல்ட் இழப்பு 9 ஆகிவிடும். மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதில்லை, வண்டி வாடகை இல்லை. போருக்குள் உள்ள கேபிளை மாற்றுவதை அடுத்த முறை எதற்காகவாவது மோட்டார் மேலே வரும்போது வைத்துக்கொள்ளலாம். அப்போது கட்டாயம் 4க்கோ 6க்கோ போய்விட வேண்டும்.

காயிலில் செம்பு சரியாக இருக்கிறதா

மேலே அச்சிட்ட அளவை விடச் சன்னமான செம்பு உள்ள கேபிளும் சந்தையில் வருகிறது. மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 100 மீட்டர் 2.5 ஸ்கொயர் காயிலின் ஒரு கோர் 0.8 ஓம், மீட்டரின் இரண்டு லீடுகளே 0.2, 0.3 ஓம் இருக்கும். இங்கேதான் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும் முறைக்கு உண்மையான மதிப்பு.

தேவையானவை: 12 வோல்ட் கார் பேட்டரி ஒன்று, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, இரண்டு மல்டிமீட்டர். காயிலின் ஒரு முனையில் இரண்டு கோர்களை நன்றாகச் சுரண்டி முறுக்கி இணைக்க வேண்டும்; 200 மீட்டர் சுற்று கிடைக்கும். மறுமுனையில் பேட்டரி, பல்பு, 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்த ஒரு மீட்டர், கேபிள் ஆகியவை வரிசையாக வர வேண்டும். பல்பு இங்கே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லாமல் இணைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போகலாம். இரண்டாவது மீட்டரின் முனைகளைப் பேட்டரி கிளிப்பில் வைக்காமல், கேபிள் செம்பின் மேலேயே வைக்க வேண்டும். கிளிப்பில் வைத்தால் கிளிப்பின் தடையும் சேர்ந்துவிடும். வோல்ட் மீட்டர் வழியாக மின்னோட்டம் அநேகமாகப் போவதே இல்லை என்பதால் அதன் லீடின் தடை கணக்கைக் கெடுக்காது.

சரியான கேபிளில் 5.4 வோல்ட், 3.37 ஆம்பியர் போல வரும். வகுத்தால் 1.6 ஓம், ஒரு கோருக்கு 0.8. பல்பு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது, பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவை முக்கியமில்லை, இரண்டு ரீடிங்கையும் ஒரே நேரத்தில் எடுத்தால் போதும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் போல ஏறும் என்பதையும் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் அளந்தால் 0.8 என்பது 0.85 வரை போகலாம், அது குறையல்ல. 0.95, 1.0 என்று வந்தால் அது 2.5 ஸ்கொயர் அல்ல, அல்லது காயிலின் நீளம் சொன்னதை விட அதிகம். நீளத்தை யாரும் அதிகமாகத் தருவதில்லை. அளந்து முடித்ததும் முதல் மீட்டரின் சிவப்பு லீடை ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்து அப்படியே 415 வோல்ட்டில் வைத்தால் மீட்டர் நேர் ஷார்ட்டாகிக் கையிலேயே வெடிக்கும்.

ஜாயிண்ட், கான்டாக்ட், வைண்டிங்

ஒரு ஜாயிண்டில் அரை ஓம் தடை ஏறினால் வோல்டேஜ் கணக்கில் பெரிதாகத் தெரியாது, 8.5 ஆம்பியரில் 4 வோல்ட்தான். ஆனால் 8.5 × 8.5 × 0.5 = 36 வாட் வெப்பம் ஒரு அங்குல இடத்தில் பிறக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது என்றால் 36 வாட் பிவிசி டேப்பை என்ன செய்யும்? கேபிளின் 433 வாட் 250 மீட்டரில் பரவிப் போவதால் தொட்டால்கூடத் தெரியாது. ஜாயிண்டில் அப்படிப் பரவ இடமில்லை.

ஸ்டார்ட்டர் கான்டாக்டைச் சோதிக்க மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு போலின் (ஒரு ஃபேஸுக்கான கான்டாக்டின்) உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் இடையே வோல்டேஜ் எடுப்பார்கள். 50 மில்லிவோல்ட் என்றால் நல்ல கான்டாக்ட். ஒரு போலில் மட்டும் 2 வோல்ட் என்றால் 17 வாட். அந்தக் கான்டாக்ட் கரிந்துவிட்டது. உயிருள்ள 415 வோல்ட்டில் கை வைக்கும் வேலை இது; உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், 600 வோல்ட் மூன்றாம் வகைப் பாதுகாப்பு மீட்டர் இரண்டும் இல்லாமல் செய்யக் கூடாது.

மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரில் கேபிளைக் கழற்றிவிட்டு மூன்று ஜோடி கோர்களுக்கும் இடையே தடை எடுத்தால் போருக்குள் நடப்பது தெரியும். மேலே சொன்ன மோட்டாரில் ஜோடிக்கு 8 ஓம் வரும். அதில் 4 ஓம் கேபிள், 4 ஓம்தான் வைண்டிங். இதைக் கழிக்காமல் வைண்டிங் 8 ஓம் என்று ரீவைண்டிங் கடைக்காரரிடம் சொன்னால் அவர் குழம்பிப் போவார். மூன்று ரீடிங்கும் சமமாக இருக்க வேண்டும். சிவப்பு-மஞ்சள் 8.0, மஞ்சள்-நீலம் 8.6, நீலம்-சிவப்பு 8.6 என்றால், ஏறிய இரண்டிலும் இருப்பது நீலம்; நீலக் கோரின் ஜாயிண்டில் 0.6 ஓம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ரீடிங் ஏறாமல் குறைந்திருந்தால் அந்த ஃபேஸ் வைண்டிங்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது தடைக் கணக்கு மட்டும்; பூமிக்குக் கசிவு இருக்கிறதா என்பதற்கு மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவிதான் வேண்டும். 500 வோல்ட் மெகர் 1 மெகா ஓம் காட்டினால் அரை மில்லிஆம்பியர் கசிகிறது என்று பொருள்.

வைண்டிங்கின் சூட்டையும் தடையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கிணற்று மேட்டில் உள்ள மோனோபிளாக்கில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள செட்டில்) காலையில் 30 டிகிரியில் ஜோடிக்கு 4.00 ஓம். மூன்று மணி நேரம் ஓட்டி, நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் எடுத்தால் 5.00 ஓம். 5ஐ 4ஆல் வகுத்து, 234.5 + 30 என்பதால் பெருக்கி, 234.5ஐக் கழிக்க வேண்டும். 1.25 × 264.5 − 234.5 = 96 டிகிரி. எனாமல் வயர் சுற்றிய மோட்டார் இதைத் தாங்கும். பிவிசி உறை போட்ட வயர் சுற்றிய, தண்ணீர் நிரப்பிய போர் மோட்டார் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்த நிலையில் ஓடினால் அது சீக்கிரம் எரிவதற்கு இதுவே காரணம். இந்த அளவுக்கும் மேலே சொன்ன பேட்டரி முறை சிறந்தது. ஒரு எச்சரிக்கை: வைண்டிங்கிலிருந்து பேட்டரியைப் பிரிக்கும் நொடியில் பெரிய வோல்டேஜ் எகிறும். முதலில் வோல்ட் மீட்டரின் லீடை எடுத்துவிட்டுத்தான் பேட்டரி கிளிப்பைக் கழற்ற வேண்டும். வெறும் கையில் முனையைப் பிடிக்கக் கூடாது.

தறிக்குடோனில் பவர் ஃபேக்டர்

சோமனூர், பல்லடம் விசைத்தறிக் குடோன்களில் தறிக்கு ஒரு மோட்டார் வீதம் சின்னச் சின்ன மோட்டார்கள் பாதி லோடில் ஓடிக்கொண்டிருக்கும். பாதி லோடில் பவர் ஃபேக்டர் மிகவும் குறையும். அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஈபி மீட்டரில் சிமிட்டும் எல்இடி போதும். மீட்டரின் முகப்பில் யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். 800 என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தறியும் ஓடும்போது 20 சிமிட்டலுக்கு 16 நொடி ஆகிறது. 20 ÷ 800 = 0.025 யூனிட். 3600 ÷ 16 = 225. பெருக்கினால் 5.63 கிலோவாட். அதே நேரத்தில் டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டரில்) 12 ஆம்பியர், வோல்டேஜ் 410; 1.732 × 410 × 12 = 8520 வோல்ட்-ஆம்பியர். 5630 ÷ 8520 = 0.66. சிமிட்டலை எண்ணுபவர் ஒருவர், நொடி பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் தவறு குறையும். சி.டி. (ஆம்பியரைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்த பெரிய இணைப்பில் மட்டும் மீட்டரின் பெருக்கு எண்ணையும் சேர்க்க வேண்டும்.

கெபாசிட்டர் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய 5 எச்.பி. மோட்டாரிலேயே பார்க்கலாம். 2 கேவிஏஆர் (கெபாசிட்டரின் திறனைக் குறிக்கும் அலகு) கெபாசிட்டரை ஸ்டார்ட்டருக்குப் பின்னால் இணைத்தால் பவர் ஃபேக்டர் 0.82இலிருந்து 0.96 வரை ஏறி, லைன் ஆம்பியர் 8.5இலிருந்து 7.3 ஆக இறங்கும். அலுமினியக் கேபிளில் இழப்பு கால் பங்குக்கு மேல் குறையும். போருக்குள் இறங்கும் கேபிளில் ஒன்றும் குறையாது; கெபாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே அதே 8.5தான் ஓடுகிறது. கெபாசிட்டர் போட்ட பிறகு ஆம்பியர் குறைந்ததைப் பார்த்து மோட்டாருக்கு லோடு குறைந்தது என்று எண்ணுவதும், அந்த 7.3ஐ வைத்து ரிலே செட் செய்வதும் இதை விட்டதால் வருபவை. ரிலே கெபாசிட்டருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஓடும் ஆம்பியருக்குத்தான் செட் செய்ய வேண்டும்.

இந்த 1.732 கணக்கு எல்லாமே மூன்று ஃபேஸிலும் வோல்ட்டும் ஆம்பியரும் சமமாக இருக்கும்போது மட்டும் செல்லும். மூன்றாவது ஃபேஸ் வராத நேரத்தில் ஃபேஸ் கன்வெர்ட்டர் கெபாசிட்டரை வைத்து மோட்டாரை ஓட்டும் தோட்டங்களில் மூன்று வயரிலும் மூன்று விதமான ஆம்பியர் ஓடும். 11, 8, 5 என்றுகூட வரலாம். சராசரி எடுத்துப் பெருக்கினால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. அங்கே திறனுக்கு மீட்டர் இருந்தால் சிமிட்டல் கணக்கு ஒன்றுதான் வழி. மோட்டாரின் பாதுகாப்புக்கு மூன்றில் எது அதிகமோ அந்த ஆம்பியரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 8.5க்குப் பதில் 11 ஓடும் வைண்டிங்கில் வெப்பம் 67 சதவீதம் கூடுதல். ஒரு வயர் 5 காட்டுவதால் அந்த வைண்டிங்குக்கு எந்த ஆறுதலும் கிடைக்காது. கன்வெர்ட்டரில் ஓட்டும்போது அதிக ஆம்பியர் உள்ள வயர் பெயர்த்தகட்டு அளவுக்குள் வரும்வரை கேட்வால்வைத் திருகி லோடைக் குறைக்கலாம். தண்ணீர் குறைவாக வரும், மோட்டார் தப்பும். அப்படியும் வராவிட்டால் கெபாசிட்டரின் மைக்ரோஃபேரட் அளவு அந்த மோட்டாருக்குப் பொருந்தவில்லை. அதை மாற்றிவிட்டு மூன்று வயரிலும் மறுபடி டாங் டெஸ்டர் போட்டுப் பார்க்க வேண்டும்.